கருவேலங்காட்டில் சிவப்பு பலூன்

சினிமா விழா என்றதும் நமக்கு என்னென்ன ஞாபகம் வருகிறது? கோவா, மும்பை, சென்னை, பெரிய ஓட்டல், வாசலில் சிவப்புக் கம்பளம், கம்பளத்தின் மேல் நட்சத்திரங்கள், நட்சத்திரங்களைச் சுற்றிப் போட்டோக்காரர்கள்! இந்த வாரம் வாசகர்களை நாம் அழைத்துச் செல்லும் சினிமா விழாவில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடம். அதிலே ஒரு வகுப்பறை. வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களில் பழைய போர்வைகள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த எழுபது, எண்பது பிள்ளைகள். அவ்வளவுதான். ஆனாலும் அது சர்வதேச விழாவேதான். திரையில் ஓடிய படம் பாரிஸ் நகரத்துப் படம்!

விழா நடந்த இடத்தைச் சொன்னால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வறண்ட சீமை அது. பழைய ராமநாதபுரம் ஜில்லாவைத் "தண்ணியில்லாக் காடு" என்று சொல்லி, அங்கே மாற்றல் என்றதும் உத்தியோகஸ்தர்கள் முகம் வாடுவார்களே, அந்த ஜில்லாவின் ஒரு மூலை. 1985-ல் ஜில்லா பிரிந்தபோது இந்தப் பக்கம் விருதுநகரோடு சேர்ந்தது. ஜில்லாவின் பெயர் மாறியது, வெயில் மாறவில்லை.

"மெட்ராஸிலே கொட்டகை இல்லையா?"

விருதுநகரிலிருந்து கிழக்கே சுமார் 20 கிலோ மீட்டரில் அருப்புக்கோட்டை. அங்கிருந்து இன்னும் சுமார் 15 கிலோ மீட்டர் போனால் திருச்சுழி. ரயிலும் உண்டு. விருதுநகர் - மானாமதுரை மார்க்கத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று அடுத்தடுத்து ஸ்டேஷன்கள். ஆனால் ரயிலுக்கு நேரம் பார்க்க வேண்டும். பஸ்ஸுக்குப் பொறுமை இருந்தால் போதும். நாமும் நமது போட்டோகிராபரும் பஸ்ஸில் ஏறினோம்.

ஊர் எல்லை தாண்டியதும் கரிசல் ஆரம்பமாகிறது. மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும் மண். காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைந்து ஊரைக் காப்பாற்றியது இந்தக் கறுப்பு மண்தான். அதற்கு ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் வானம் ஏமாற்றிவிட்டால் கண்மாய்கள் விளையாட்டு மைதானங்களாகிவிடும். நாம் போன சமயம் இரண்டு கண்மாய்களில் கிரிக்கெட் ஆட்டம் வெகு ஜோராக நடந்துகொண்டிருந்தது!

மீதி இடமெல்லாம் சீமைக் கருவேலம். பச்சை என்று சொல்ல அங்கே கண்ணில் பட்டது அது ஒன்றுதான். நடுநடுவே புகை எழும்பியது. வெட்டின கருவேலங் கட்டைகளை அடுக்கி, மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்து மூடிய கரிமூட்டங்கள் அவை. விவசாயம் கைவிட்டவர்களுக்கு அந்தக் கரிதான் சோறு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நமது போட்டோகிராபரின் காமிராப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கே போறீங்க தம்பி?"

"திருச்சுழிப் பக்கம், தாத்தா."

"என்ன சோலி?"

"சினிமா பார்க்க."

பெரியவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், மெட்ராஸிலே இருக்கிற கொட்டகையெல்லாம் மூடிட்டாங்களா?" என்று கேட்டார்.

பஸ் முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். பிறகு விஷயத்தைச் சொன்னோம்: பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் படம் போடுகிறார்கள், அதைப் பார்க்கத்தான் போகிறோம் என்று.

பெரியவருக்குப் பழைய நினைவுகள் வந்துவிட்டன. டூரிங் டாக்கீஸ் காலத்துக்குப் போய்விட்டார். அறுவடை முடிந்த காட்டில் டெண்டு அடித்து, மணலைப் பரப்பி, சாயங்காலம் ஆனதும் குழாயில் பாட்டுப் போடுவார்கள். பாட்டு நின்றால் படம் ஆரம்பம் என்று அர்த்தம். ஒரே ஒரு மெஷின் என்பதால் ஒவ்வொரு ரீலுக்கும் ஓர் இடைவேளை. மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தால் பின்னால் இருப்பவன் சண்டைக்கு வருவான். நாலு மைல் நடந்து போய்ப் படம் பார்த்துவிட்டு, நாலு மைல் பாடிக்கொண்டே திரும்புவார்களாம்.

"வீட்டிலே ஒன்றும் சொல்ல மாட்டார்களா?" என்றோம்.

"சொல்லாம இருப்பாங்களா? சினிமாவுக்குப் போனியாடான்னு கேட்டு எங்க அய்யா சாத்துவாரு. சினிமாவிலே என்னடா பார்த்தேன்னு ஒரு நாளும் கேட்டதில்லே" என்றார் பெரியவர்.

அதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார். அவர் சொன்ன வார்த்தை மட்டும் நம்மோடு பஸ்ஸில் வந்தது.

தறியும் திரையும்

அருப்புக்கோட்டை நெசவாளர் ஊர். தெருவுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வேலை. வீட்டுக்கு வீடு விசைத்தறியின் தடதட சத்தம், இடையிடையே இன்னும் மிஞ்சியிருக்கும் கைத்தறியின் "டக்... டக்..." நூற்பு ஆலைகளும் உண்டு. பருத்தி விளைந்த கரிசல், பஞ்சை நூலாக்கும் ஆலை, நூலைச் சேலையாக்கும் தறி என்று மூன்றும் கைகோத்து நின்ற ஊர் இது. பூக்கடைகளில் மல்லிகை குவிந்து கிடக்கிறது. "அரும்புக்கோட்டை"தான் அருப்புக்கோட்டை ஆயிற்று என்று உள்ளூரில் ஒரு கதையும் சொல்கிறார்கள்.

சினிமாவுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு சாதாரண உறவல்ல. 1977 சட்டசபைத் தேர்தலில் எம்.ஜி.ஆர். போட்டியிட்டு வென்ற தொகுதி அருப்புக்கோட்டை. அந்த வெற்றியோடுதான் அவர் முதல் தடவையாக முதலமைச்சர் ஆனார். திரையில் பார்த்தவரை நாற்காலியில் உட்கார வைத்த ஊர் என்று அருப்புக்கோட்டைக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே குமாஸ்தா, திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து சினிமாக் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்ட ஆரம்பித்தார். அன்று தொடங்கிய பழக்கம் கரிசல் காட்டின் கடைசிக் குக்கிராமம் வரை போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் பார்த்தார்கள், அழுதார்கள், சிரித்தார்கள், விசில் அடித்தார்கள், ஓட்டும் போட்டார்கள். ஆனால் பஸ் பெரியவர் சொன்ன அந்தக் கேள்வியை, "என்ன பார்த்தாய்?" என்ற கேள்வியை, யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. முக்கியமாகச் சிறுவர்களிடம் கேட்கவே இல்லை.

வெள்ளம் போன ஊர்

திருச்சுழிக்குப் போகிறவர்கள் திருமேனிநாதர் கோயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சுந்தரர் தேவாரம் பாடிய தலம். ஊருக்குப் பெயர் வந்த கதை விசேஷமானது. பிரளய வெள்ளம் ஊரை மூழ்கடிக்க வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் துளை போட்டார்; வெள்ளம் முழுவதும் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது; அதனால் திருச்சுழி. கோயில் வாசலில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த நமது போட்டோகிராபர், பக்கத்தில் மணல் வெளியாகக் கிடந்த குண்டாற்றைப் பார்த்துவிட்டு, "உள்ளே போன தண்ணீர் இன்னும் வெளியே வரவில்லை போலிருக்கிறது!" என்றார்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே சுந்தர மந்திரம். 1879-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி ரமண மகரிஷி பிறந்த வீடு அது. அப்போது அவர் பெயர் வேங்கடராமன். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் அவர் எழுத்துப் படித்தார். பிறகு திண்டுக்கல், மதுரை என்று போய், 1896-ல் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு ரயிலேறிவிட்டார். "நான் யார்?" என்ற கேள்வியோடு உலகமே பிற்பாடு அவரைத் தேடி வந்தது. கேள்வி கேட்கும் பிள்ளைகள் இந்தக் கருவேலங்காட்டுக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறோம்.

போர்வைத் திரைக்குள்ளே

இனி விழாவுக்கு வருவோம்.

2022-ம் வருஷம் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை அரசாங்கப் பள்ளிகளில் "சிறார் திரைப்பட விழா" என்று ஒன்றைத் தொடங்கியது. மாதம் ஒரு படம். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு. நம் ஊர்ப் படம் மட்டுமல்ல, உலகத்தின் நல்ல சிறுவர் படங்களும் உண்டு. படம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிட முடியாது. உட்கார்ந்து பேச வேண்டும். பார்த்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும், எழுத வேண்டும். பஸ் பெரியவருடைய அய்யா கேட்காமல் விட்ட கேள்வியை, சர்க்கார் கேட்கச் சொல்லிவிட்டது!

நாம் போன பள்ளிக்கூடத்தில் அன்று "சிவப்பு பலூன்" படம். 1956-ல் ஆல்பர்ட் லாமொரிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்தது. மொத்தம் 34 நிமிஷம். பேச்சு மிகமிகக் குறைவு. பாரிஸில் ஒரு பழைய பேட்டையில் வசிக்கும் சிறுவன் பாஸ்கல், விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த சிவப்பு பலூனை அவிழ்த்துக்கொள்கிறான். அது சாதாரண பலூன் அல்ல. நாய்க்குட்டி மாதிரி அவன் பின்னாலேயே வருகிறது. பஸ்ஸில் ஏற்ற மறுக்கிறார்கள்; பள்ளிக்கூடத்தில் தண்டிக்கிறார்கள்; கடைசியில் போக்கிரிப் பையன்கள் கூட்டம் துரத்திப் பிடித்துக் கல்லெறிந்து பலூனை உடைத்துவிடுகிறது. அப்போது பாரிஸ் நகரத்திலுள்ள பலூன்கள் எல்லாம் கூடி வந்து பாஸ்கலைத் தூக்கிக்கொண்டு ஆகாயத்தில் பறக்கின்றன. பாஸ்கலாக நடித்தவன் லாமொரிஸின் சொந்தப் பிள்ளைதான். குறும்படத்துக்கான கான் விழாவின் முதல் பரிசும், திரைக்கதைக்காக ஆஸ்கார் பரிசும் இந்தச் சின்னப் படத்துக்குக் கிடைத்தன.

பலூன் உடைந்தபோது வகுப்பில் சத்தமே இல்லை. மின்விசிறியின் கிறீச் சத்தம் மட்டும் கேட்டது. பலூன்கள் கூட்டமாக வந்தபோது கைத்தட்டல் கூரையைப் பிளந்தது.

போர்வைகளை விலக்கினார்கள். கண்ணைக் கூசிக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் எழுந்தார்.

"படத்திலே பேச்சே இல்லையே, உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?"

முன் வரிசைப் பையன் ஒருவன் சொன்னான்: "அவன் ஓடுனான் டீச்சர். நாங்களும் கூடவே ஓடுனோம்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஆளுக்கு ஆள் கை தூக்கினார்கள்.

"எங்க ஊர்லே அந்தப் பலூனை விட்டா ரெண்டு நிமிஷம் தாங்காது டீச்சர். எங்கே பார்த்தாலும் கருவேல முள்ளு!"

"கண்டக்டரு ஏத்தலே இல்லே? எங்க அப்பத்தா கரி மூட்டை வச்சிருந்தாலும் ஏத்த மாட்டாங்க."

"அங்கே மழை பெய்யுது டீச்சர். பலூன் நனையக் கூடாதுன்னு குடைக்குள்ளே வச்சுக்கிட்டே போறான். நம்ம ஊர்லே மழை வந்தா குடையை மடக்கிப் போட்டுட்டு நனைவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். அவள் வகுப்பில் வாய் திறப்பதே அபூர்வம் என்று டீச்சர் பிற்பாடு நம்மிடம் சொன்னார்.

"பலூனை உடைச்ச பையங்களுக்கும் ஆளுக்கொரு பலூன் கிடைச்சிருந்தா, அவங்க உடைச்சிருப்பாங்களா டீச்சர்?"

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. சாக்குக்கட்டியை எடுத்து அந்தக் கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதினார். "நாளைக்கு எல்லாரும் இதுக்குப் பதில் யோசிச்சுக்கிட்டு வாங்க" என்றார்.

அறுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எத்தனையோ தேசத்துப் பெரியவர்கள் அந்தப் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். திருச்சுழிப் பக்கத்துச் சிறுமி கேட்ட கேள்விக்கு முன்னால் நம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகளெல்லாம் சப்பென்று போயின.

பிறகு டீச்சரிடம் தனியாகப் பேசினோம். படம் போடுகிற அன்று வருகைப் பதிவேட்டில் கோடு விழுவதில்லையாம். பெற்றோருடன் கரிமூட்டத்துக்குப் போய்விடும் பையன் ஒருவன் அன்று தவறாமல் வந்துவிடுவானாம்.

"அடுத்த நாள்?" என்றோம்.

"அடுத்த நாளும் வருவான் ஸார். மூணாம் நாள் வர மாட்டான். சினிமா போட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு நான் சொல்லலே. ஆனா அவன் எழுதின பக்கத்தை எடுத்துக்கிட்டு நான் அவங்க வீட்டுக்குப் போனேன். உங்க பிள்ளை இப்படி எழுதியிருக்கான்னு படிச்சுக் காட்டினேன். அவங்க அம்மா அதை வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்திலே வச்சுட்டாங்க. இனிமே என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

எங்கெல்லாம் இப்படி நடக்கிறது?

சிறுவர் சினிமா விழா என்பது உலகத்தில் நேற்று முளைத்ததல்ல. செக் நாட்டில் ஸ்லீன் என்று ஓர் ஊர். பாட்டா செருப்புக் கம்பெனி பிறந்த ஊர். கம்பெனியின் விளம்பரத்துக்காக 1930-களில் அங்கே ஒரு ஸ்டூடியோ கட்டினார்கள். பிறகு அதே ஸ்டூடியோவில் குழந்தைகளுக்காகப் பொம்மைப் படங்களும் சித்திரப் படங்களும் எடுத்தார்கள். 1961-ல் அங்கே சிறுவர் பட விழா ஆரம்பமாயிற்று. உலகத்தின் மிகப் பழைய சிறுவர் பட விழாக்களில் அதுவும் ஒன்று.

இத்தாலியில் ஜிஃபோனி என்று இன்னொரு சின்ன ஊர். மலையடிவாரம், ஒரு வகைக் கொட்டைப் பருப்பு விளைவதுதான் அதன் பெருமை. 1971-ல் கிளாடியோ குபிடோசி என்ற பதினெட்டு வயது வாலிபர் அங்கே சிறுவர்களுக்காக ஒரு பட விழா தொடங்கினார். அதில் நீதிபதிகள் பெரியவர்கள் அல்ல, பிள்ளைகள்தான்! எந்தப் படத்துக்குப் பரிசு என்று அவர்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தேசம் தேசமாக வரும் பிள்ளைகளை அந்த ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டன. 1982-ல் பிரெஞ்சு டைரக்டர் ஃபிரான்ஸ்வா ட்ரூஃபோ அங்கே போய்ப் பார்த்துவிட்டு, உலகத்து விழாக்களிலெல்லாம் இதுவே மிக அவசியமான விழா என்று பாராட்டினார்.

நம் தேசமும் பின்தங்கி நிற்கவில்லை. 1952-ல் முதல் சர்வதேசப் பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு ரோமாபுரித் தெருக்களில் சைக்கிள் தேடி அலையும் சிறுவன் புரூனோவை, "சைக்கிள் திருடர்கள்" படத்தில் நம்மவர்கள் அந்த விழாவில் கண்டார்கள். 1955-ல் நேருவின் ஆர்வத்தால் குழந்தைகள் திரைப்படச் சங்கம் பிறந்தது. கேதார் சர்மா அதற்காக எடுத்த "ஜல்தீப்" படம் 1957-ல் வெனிஸ் விழாவில் பரிசு வாங்கியது. சர்வதேசக் குழந்தைகள் ஆண்டான 1979-ல் "தங்க யானை" விழாவை மும்பையில் தொடங்கினார்கள். பிறகு அது ஹைதராபாத்துக்குக் குடிபோயிற்று. 2017-ல் அங்கே 20-வது விழா நடந்தது. 2022-ல் சங்கமே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

தங்க யானையைப் பார்க்க அருப்புக்கோட்டைப் பிள்ளை ஏறக்குறைய ஆயிரம் கிலோ மீட்டர் போக வேண்டியிருந்தது. போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? யானையை இங்கே அழைத்து வருவதுதான் சுலபம். பள்ளிக்கூடத்து விழா அதைத்தான் செய்தது.

கல்லும் பலூனும்

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை குறைபட்டுப் போகும். இந்த ஜில்லாவின் பிள்ளைகள் உலகத் திரையில் முன்பே தோன்றியிருக்கிறார்கள். எப்படித் தெரியுமா? 1990-ல் சலம் பென்னூர்கர் என்பவர் சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை செய்த சிறுவர் சிறுமியரைப் பற்றி "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். விடிவதற்கு முன் பஸ் வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஆலைக்கு அள்ளிக்கொண்டு போன காலம் அது. வெளி தேசத்தார் அந்தப் படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். ஆனால் அதில் பிள்ளைகள் பார்க்கப்பட்டவர்கள், பார்த்தவர்கள் அல்ல.

முப்பது வருஷம் கழித்து இன்னொரு படம் வந்தது. மதுரை மேலூருக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி. அந்த வெயிலில் பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த "கூழாங்கல்". குடிகாரத் தகப்பன் பிள்ளையை வகுப்பிலிருந்து எழுப்பி இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைக் கூட்டிவரப் புறப்படுகிறான். திரும்பும்போது பஸ்ஸுக்குக் காசில்லை. பொட்டல்வெளியில் தகப்பனும் பிள்ளையும் நடக்கிறார்கள். தாகம் தெரியாமலிருக்கப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். 2021-ல் ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் விழாவில் அந்தப் படத்துக்குப் "புலி" விருது கிடைத்தது. அது அந்த விழாவின் பெரிய பரிசு. அந்த வருஷம் ஆஸ்காருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுவே.

பாரிஸ் பையனுக்குப் பலூன். நம் பையனுக்குக் கூழாங்கல். இருவரையும் பஸ் ஏற்றவில்லை! பலூன் கதையைத் திருச்சுழிப் பிள்ளைகள் பார்த்தார்கள். கூழாங்கல் கதையை ராட்டர்டாம் பார்த்தது. ஆனால் கூழாங்கல் கதையைத் திருச்சுழி பார்த்ததா? 2023-ல் அது இணையத்தில் வெளியானது. கட்டணம் கட்டிப் பார்க்கும் வசதி உள்ளவர்கள் பார்த்தார்கள். எந்த வெயிலைப் பற்றிய படமோ, அந்த வெயிலில் நடக்கும் பிள்ளைகள் அதை ஒரு வெள்ளைத் துணியில், கூட்டமாக உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? படத்தில் வசவுகள் உண்டு. ஆசிரியர் முதலில் பார்த்துவிட்டுப் பெரிய வகுப்புக்குத்தான் காட்ட வேண்டும். காட்டினால் பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று நினைத்தாலே நமக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயம் நல்லது.

விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டார். அருப்புக்கோட்டையில் வென்று முதல்வரான எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக்கினார். இரண்டு பேருக்கும் இந்த ஜில்லா தெரியும். பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதும் தெரியும். வயிறு நிறைந்த பிள்ளைக்கு அடுத்தபடி வேண்டியது, தான் சொல்வதைக் கேட்க ஒரு பெரிய மனுஷர். சினிமா அதற்கு ஒரு நல்ல சாக்கு.

ஜிஃபோனியைப் போல இங்கேயும் ஒரு விழா நடத்தினால் என்ன? லட்சக்கணக்கில் பணம் வேண்டாம். தை, மாசியில் இந்தச் சீமையில் மழையும் இல்லை, வெயிலும் பொறுக்கும். அருப்புக்கோட்டையில் நூலைப் பாவோட்டக் காலங்காலமாக உபயோகித்த பாவடித் திடல் மாதிரி ஒரு திறந்த வெளி, அந்த ஊர்த் தறியிலேயே நெய்த வெள்ளைத் துணி ஒன்று, நாலு ராத்திரி. முதல் ராத்திரி "சிவப்பு பலூன்". இரண்டாம் ராத்திரி, அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடிச் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும், மஜித் மஜிதியின் ஈரான் தேசத்துப் படம் "சொர்க்கத்தின் குழந்தைகள்". மூன்றாம் ராத்திரி, சென்னைக் குப்பத்துச் சகோதரர்கள் பீட்ஸாவுக்கு ஆசைப்படும் "காக்கா முட்டை". சிறந்த சிறுவர் படம் என்று தேசிய விருது வாங்கிய படம் அது. நாலாம் ராத்திரி, பெரிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் "கூழாங்கல்". கொறிக்கச் சாத்தூர்ச் சேவு. நீதிபதிகளாகச் சுற்றுவட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள். கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைகளை அவசியம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தரை டிக்கெட்டும் இலவசம், நாற்காலியும் இலவசம். பெரியவர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. படம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, பக்கத்தில் வரும் பிள்ளையிடம் "என்ன பார்த்தே?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் பேசாமல் நடக்க வேண்டும்.